கடற்புயல் போர்வை: முழு வடிவமா, குறைத்த வடிவமா?

அக்கா மகளுக்குப் புரட்டாசி கழிந்ததும் கல்யாணம். அம்மா விட்டுப்போன பருத்திப் புடவைகள் பதினொன்று என்னிடம் இருக்கின்றன. டர்பனில் பழைய கிரே தெருக் கடைகளில் வாங்கி, ஒவ்வொன்றையும் பத்துப் பதினைந்து வருடம் உடுத்தி, கஞ்சி போட்டுக் கஞ்சி போட்டே மெல்லிசாகிப்போன புடவைகள். அவற்றை ஒட்டுத்துணிப் போர்வையாக்கிக் கொடுப்பது என்று ஜூன் மாதத் தொடக்கத்தில் முடிவு செய்தேன். இங்கே எல்லோரும் அதைக் குவில்ட் என்றே சொல்கிறோம். எந்த வடிவம் என்பதிலும் குழப்பம் இல்லை. ‘ஸ்டார்ம் அட் சீ’ என்று அமெரிக்கர்கள் அழைக்கும் பழைய வடிவம் ஒன்று உண்டு. நான் அதைக் கடற்புயல் என்பேன். கப்பலேறித் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு வந்த குடும்பத்தில் பிறந்தவளுக்கு அந்தப் பெயர் போதும்.

குழப்பம் வந்தது துண்டுகளை எண்ணிப் பார்த்தபோதுதான். 76 அங்குல அகலம், 88 அங்குல நீளத்தில் இருவர் படுக்கும் கட்டிலுக்குப் போர்வை என்றால் 1,367 துண்டுகள். அப்படியே தைப்பதா, குறைப்பதா, குறைத்தால் எதைக் குறைப்பது?

வடிவத்தைக் கண்ணால் பார்க்காதவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். இதில் மூன்று வகைக் கட்டங்கள். 8 அங்குலப் பெரிய சதுரம், 4 அங்குலச் சின்னச் சதுரம், இவற்றுக்கு நடுவே 4-க்கு 8 செவ்வகம். பெரிய சதுரங்கள் வீடுகள் என்றால் செவ்வகங்கள் அவற்றுக்கிடையே ஓடும் தெருக்கள், சின்னச் சதுரங்கள் நாற்சந்திகள். சதுரத்துக்குள் சாய்ந்து நிற்கும் ஒரு சதுரம், அதற்குள் நிமிர்ந்த இன்னொரு சதுரம். ஆகப் பெரியதோ சின்னதோ, ஒரு சதுரத்துக்கு ஒன்பது துண்டு. செவ்வகத்தின் நடுவில் நீண்ட வைரம், நான்கு மூலையிலும் நீள் முக்கோணம், மொத்தம் ஐந்து துண்டு. என் அளவுக்குப் பெரியவை 42, சின்னவை 56, செவ்வகங்கள் 97. பெருக்கிக் கூட்டினால் அந்த 1,367 வரும்.

இந்த வடிவத்தின் வித்தை என்னவென்றால், அதில் ஒரு வளைகோடுகூட இல்லை. எல்லாமே நேர்த்தையல். ஆனால் பத்தடி தள்ளி நின்று பார்த்தால் அலை அலையாக வளைந்து ஓடுகிறது. எப்படி என்பதை நான் வெகுநாள் யோசித்ததில்லை. குறைக்கலாமா என்று கேள்வி வந்த பிறகே தாளில் வரைந்து பார்த்தேன். வைரத்தின் ஓரம் சுமார் 27 பாகை சாய்ந்து வருகிறது. அது செவ்வகத்தின் முனையில் சரியாக நடுவில் போய் முட்டுகிறது. அங்கே சின்னச் சதுரத்தின் சாய்சதுரம் 45 பாகையில் அதை வாங்கிக்கொள்கிறது. அடுத்த ஓரத்தின் நடுவில் வெளியேறினால் அந்தப் பக்கத்துச் செவ்வகத்தின் வைரம் 63 பாகையில் எடுத்துக்கொண்டு போகிறது. 27, 45, 63 என்று படிப்படியாகத் திரும்புவதைக் கண் வளைவு என்று படித்துவிடுகிறது. பெரிய சதுரத்தின் ஓரத்திலும் இதே கைமாற்றம்தான்.

இதைக் கண்டுபிடித்ததும் பாதி வழக்கு தீர்ந்தது. அலையைச் சுமப்பது வைரமும் சாய்சதுரமும் மட்டுமே. சாய்சதுரத்துக்குள் உட்கார்ந்திருக்கும் அந்த உள் சதுரமும் அதைச் சுற்றிய நான்கு முக்கோணமும் அழகுக்கு இருக்கின்றன, அலைக்கு இல்லை. அவற்றை எடுத்துவிட்டுச் சாய்சதுரத்தை ஒரே துணியில் வெட்டினால் ஒவ்வொரு சதுரத்திலும் நான்கு துண்டு மிச்சம். 98 சதுரத்துக்கு 392 துண்டு. மொத்தம் 975-க்கு இறங்குகிறது, அலை அப்படியே ஓடுகிறது.

எளிமையாக்குகிறோம் என்று பலர் கை வைப்பது நேர் எதிரான இடத்தில். நீள் முக்கோணம் வெட்டுவது தொல்லை என்று செவ்வகத்தை ஒற்றைத் துணியாக விட்டுவிடுவார்கள். என் நாத்தனார் அப்படித்தான் செய்தார். துண்டுக் கணக்குப் பார்த்தால் லாபம் கொஞ்சநஞ்சமல்ல, செவ்வகத்துக்கு ஐந்து போய் ஒன்று. ஆனால் வந்தது சட்டம் போட்ட சதுரங்கள். கடலும் இல்லை, புயலும் இல்லை. நல்ல போர்வைதான், குளிருக்குப் போர்த்திக்கொள்கிறார்கள். அந்தப் பெயரை மட்டும் அதற்கு வைக்க முடியாது.

மூன்றாவதாக ஒரு வழியும் இருக்கிறது. எதையும் எடுக்காமல் அளவைப் பெருக்குவது. 8-ஐ 12 ஆக்கி, 4-ஐ 6 ஆக்கினால், 78-க்கு 96 அங்குலப் போர்வைக்குப் பெரியவை 20, சின்னவை 30, செவ்வகம் 49, ஆக 695 துண்டு. மூல வடிவம் முழுதாக இருக்கும், வேலை ஏறக்குறையப் பாதி. கேட்க இனிக்கிறது. புதிதாகத் தைக்க வருகிறவர்களுக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு இதையே சொல்வேன். ஆனால் அலை என்பது திரும்பத் திரும்ப வந்தால்தான் அலை. குறுக்கே நான்கே நான்கு பெரிய சதுரம் என்றால் இரண்டு புரட்டு புரண்டு கரை வந்துவிடுகிறது. சுவரில் தொங்கவிட்டு எட்ட நின்று பார்க்கப் போதும். கட்டிலில் விரித்து, பக்கத்தில் நின்று பார்க்கும்போது கண் சதுரங்களைத்தான் எண்ணுகிறது.

அளவைப் பெருக்குவதில் எங்கள் நாட்டுக்கே உரிய இன்னொரு சிக்கலும் உண்டு. அது ஷ்வேஷ்வே துணி. தென்னாப்பிரிக்காவுக்கு வெளியே இருப்பவர்களுக்காக ஒரு வார்த்தை: கருநீலத் துணியில் நுணுக்கமான வெள்ளைப் பூவும் புள்ளியும் வரும் அச்சுப் பருத்தி. சாயத்தை அமிலத்தால் அரித்தெடுத்து வெள்ளை வரவழைப்பார்கள். முதலில் ஐரோப்பாவிலிருந்து வந்தது. லெசோத்தோவின் மன்னர் மொஷ்வேஷ்வேயின் பெயரால் ஷ்வேஷ்வே ஆயிற்று. 1982-இல் ஈஸ்டர்ன் கேப்பில் ஸ்வெலிட்சா ஆலையில் அச்சிடத் தொடங்கினார்கள். 1992-இல் ‘மூன்று பூனை’ முத்திரையின் உரிமையும் அதன் செப்பு உருளைகளும் அங்கே வந்து சேர்ந்தன. புதுத்துணி அட்டை மாதிரி விறைத்து நிற்கும். கப்பலில் மாதக்கணக்கில் வரும்போது ஈரம் தாக்காமலிருக்கக் கஞ்சி போட்ட காலத்துப் பழக்கம் இன்னும் போகவில்லை. உண்மையான துணிதானா என்று நாக்கில் வைத்து உப்புக் கரிக்கிறதா என்று பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள். என் ஆயா, அதாவது பாட்டி, பார்ப்பார். கடைக்காரர் முறைப்பார்.

அம்மாவின் புடவைகள் எல்லாம் வெளிர் நிறம். அலைக்குக் கருமை வேண்டும், அதற்கு ஷ்வேஷ்வேயை விட்டால் வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை. சிக்கல் என்னவென்றால் இதன் அகலம் 90 சென்டிமீட்டர். அமெரிக்க வடிவக் குறிப்புகளெல்லாம் 42 அங்குலம் கிடைக்கும் என்று வைத்தே கணக்குப் போடுகின்றன. துவைத்துச் சுருங்கி, கரையை நீக்கியபின் என் கையில் நின்றது 34 அங்குலம்.

மூலைவிட்டத்தில் பிளந்து இரண்டு முக்கோணமாக்கும் சதுரத்தை, தைத்து முடிந்தபின் வரும் அளவோடு முக்காலே அரைக்கால் அங்குலம் கூட்டி வெட்ட வேண்டும். இது எல்லா ஒட்டுத்துணிக்காரர்களுக்கும் மனப்பாடம். சென்டிமீட்டரில் படித்த என் மகன் இந்த எட்டில் ஏழைச் சொல்லத் திணறுகிறான். எட்டில் ஒன்றை அரைக்கால், பதினாறில் ஒன்றை வீசம் என்று வாய்பாடு சொன்ன ஆயாவுக்கு இது தண்ணீர் பட்ட பாடு. பெரிய சதுரத்தின் வெளி முக்கோணத்துக்கு 4 அங்குலமும் முக்காலே அரைக்காலும். 42 அங்குலத்தில் எட்டுச் சதுரம் வரும். என் 34-இல் ஆறு. ஏழாவது சதுரத்துக்கு 34 அங்குலமும் அரைக்காலும் வேண்டும். அரைக்கால் அங்குலத்தில் ஒரு சதுரம் போயிற்று! 168 முக்கோணத்துக்கான 84 சதுரத்துக்கு, துணியின் அகலம் முழுக்க வெட்டிய 11 பட்டை போதும் என்கிற இடத்தில் எனக்கு 14 பட்டை ஆகும்.

அளவைப் பெருக்கினால் கதை இன்னும் மோசம். அங்கே சதுரம் 6 அங்குலமும் முக்காலே அரைக்காலும். 34-இல் நான்குதான் தேறும், ஒவ்வொரு பட்டையிலும் ஆறரை அங்குலம் வாலாகத் தொங்கும். போர்வை முழுவதற்கும் 40 சதுரமே வேண்டும் என்றாலும் 10 பட்டை வெட்ட வேண்டும். நீளத்தில் அளந்தால் இரண்டு வழிக்கும் 68 அங்குலத்துக்குச் சற்று மேல், அனேகமாக ஒரே துணி. வேலை குறைந்தால் துணியும் குறையும் என்று நினைத்திருந்தேன்.

சின்னத் துண்டுகளின் பக்கம் வருவோம். மூல வடிவத்தில் என்னை மிரட்டியவை சின்னச் சதுரத்தின் உள் முக்கோணங்கள், 224 எண்ணிக்கை. தைத்து முடிந்தால் ஒவ்வொன்றும் சரியாக ஒரு சதுர அங்குலம் தெரியும். அதற்காக வெட்டும் துணியோ இரண்டரைச் சதுர அங்குலத்துக்கு மேல். ஐந்தில் மூன்று பங்கு தையலுக்குள் போய் மறைந்துவிடும். புதுத்துணி என்றால் வாங்கிக்கொள்ளலாம். அம்மாவின் புடவையை அப்படித் தையலுக்குள் புதைக்க மனம் வரவில்லை.

பார்க்காமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்று, முழு வடிவத்தில் ஒரு மாதிரியும் உள் சதுரம் இல்லாத வடிவத்தில் ஒரு மாதிரியும் தைத்தேன். ஒரு பெரியது, ஒரு சின்னது, இரண்டு செவ்வகம் சேர்ந்தால் 12 அங்குல மாதிரி ஒன்று. முழு வடிவத்துக்கு 28 துண்டு, மற்றதற்கு 20.

முழு வடிவத்தின் மாதிரி அழகாகத்தான் இருந்தது. உள் சதுரம் மினுக்கியது. நீரில் சூரியன் படுவதுபோல என்று எழுதக் கை வருகிறது, அடக்கிக்கொள்கிறேன். ஆனால் சின்னச் சதுரம் கால் அங்குலம் குறைந்து வந்திருந்தது. அம்மா டர்பனில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் காலர் தைத்தவர். “ஊசியைப் பார்க்காதே, துணியின் ஓரத்தைப் பார்” என்பார். நான் ஊசியைப் பார்க்கிற ஜாதி. இந்த வேலையில் தையலுக்கு விடுவது கால் அங்குலம். அதை வீசம் ஆழமாகப் பிடித்தால் இரு பக்கத் துணியிலும் சேர்ந்து அரைக்கால் போய்விடும். போர்வையின் ஒரு வரிசையில் 13 கட்டம், 12 இணைப்பு. இணைப்புக்கு அரைக்கால் வீதம் வரிசை ஒன்றரை அங்குலம் குறுகும். இது கட்டங்களை ஒன்றோடொன்று சேர்க்கும் கணக்கு மட்டும். கட்டத்துக்குள் எத்தனை அடுக்குத் தையலோ அத்தனை முறை இதே பிசகு வேறு.

காகிதத்தில் கோடு அச்சிட்டு, அதன்மேல் துணியை வைத்துத் தைத்து, பிறகு காகிதத்தைக் கிழித்தெடுக்கும் முறை ஒன்று இருக்கிறது. பிசகு அதில் கிட்டே வராது. நீள் முக்கோணங்களுக்கு நான் யாருக்கும் அதையே பரிந்துரைப்பேன், எந்த வழியில் போனாலும். அந்த முக்கோணத்தின் கூர்முனை வெட்டிய சதுரத்தின் மூலையோடு ஒத்துப்போகாது, ஆட்டம் காட்டும். அதோடு இடக்கை வலக்கை போல இரண்டு வகை வேண்டும். ஷ்வேஷ்வேக்கு அச்சு ஒரே பக்கம் என்பதால் தப்பான கையில் வெட்டியதைத் திருப்பிப் போட்டுச் சமாளிக்க வழியில்லை. துணியை இரண்டாக மடித்து வெட்டினால் இரண்டு கையும் தானாக வரும். பதினாறு முக்கோணம் வீணாக்கிய பிறகு இது எனக்கு உறைத்தது. காகித முறையின் குறை, துணியைத் தாராளமாக விட்டு வெட்ட வேண்டும் என்பது. 1,367 துண்டையும் அப்படித் தைத்தால் காகிதம் கிழிக்கவே ஒரு ஆள் வைக்க வேண்டும்.

குறைத்த வடிவத்தின் மாதிரியை விரித்தபோது ஒன்று கண்ணில் பட்டது. அம்மாவின் இளம்பச்சைப் புடவையில் உள்ளங்கை நீளத்துக்கு மாங்காய்கள் இருக்கும். முழு வடிவத்தின் நடுச் சதுரம் 4 அங்குலம்தான், மாங்காயின் வால் வெட்டுப்பட்டிருந்தது. உள் சதுரத்தை எடுத்துவிட்டதும் சாய்சதுரத்தின் ஒரு பக்கம் ஐந்தரை அங்குலத்துக்கு மேல் வருகிறது, உச்சியிலிருந்து அடிவரை முழு 8 அங்குலம். மாங்காய் முழுதாக உட்கார்ந்துகொண்டது. புடவையை நேரில் கண்டவர்கள் யார் பார்த்தாலும் இது எந்தப் புடவை என்று சொல்லிவிடுவார்கள். முழு வடிவத்தில் அது ஒரு பச்சைத் துணி, அவ்வளவுதான்.

இதற்கும் விலை உண்டு. மாங்காய் நிமிர்ந்து நிற்க வேண்டுமானால் சாய்சதுரத்தின் நான்கு ஓரமும் கிராஸில், அதாவது இழைக்கு மூலைவாட்டில், வெட்டுப்படும். கிராஸ் துணி ரப்பர் மாதிரி இழுபடும், அதுவும் நைந்த புடவை என்றால் கேட்கவே வேண்டாம். முழு வடிவத்தில் நடுச் சதுரம் நிமிர்ந்தே நிற்பதால் இந்தத் தொல்லை இல்லை. சூட்டில் ஒட்டும் மெல்லிய உள்துணியைப் புடவைக்குப் பின்னால் ஒட்டிப் பார்த்தேன், பிடித்து நின்றது. ஆனால் போர்வை சற்று விறைப்பாகும். கடைசியில் ஆயா வழிதான்: அரிசிக் கஞ்சியைத் திட்டமாகக் காய்ச்சி, வடிகட்டி, முக்கிக் காயவைத்து, ஈரம் இருக்கும்போதே இஸ்திரி போட்டு வெட்டினேன். முடிந்ததும் ஒரு துவையலில் கஞ்சி போய்விடும். அதுவரை பூச்சி வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும், தைத்து முடிக்காமல் வருடக்கணக்கில் பெட்டியில் போட்டுவைப்பவர்களுக்கு இது ஆகாது.

நேரக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெட்டி, தைத்து, இஸ்திரி போட எனக்குத் துண்டுக்கு மூன்று நிமிடம் ஆகிறது. முழு வடிவம் 68 மணி, உள் சதுரம் இல்லாதது 49, பெருக்கியது 35. வாரத்துக்கு ஐந்து மணி நேரம் என்னால் ஒதுக்க முடியும். ஜூனில் தொடங்கினால் கல்யாணத்துக்கு இருபது வாரம் சொச்சம். முழு வடிவத்துக்கு மேல்துணிக்கே பதினான்கு வாரம் போய்விடும். அதன்பிறகு நடுப்பஞ்சும் அடித்துணியும் வைத்துக் கைத்தையல் ஓட்ட ஆறு வாரம்தான். அடியில் எங்கு பார்த்தாலும் தையல் மடிப்பு என்பதால் அந்தக் கைத்தையலும் ஊர்ந்துதான் போகும், விரல் புண்ணாகும். உள் சதுரம் இல்லாவிட்டால் நடுவில் அகலமான வெறுந்துணி கிடைக்கிறது, ஊசி தடையில்லாமல் ஓடும். பத்து வாரம் மேல்துணிக்கு, பத்து வாரம் கைத்தையலுக்கு.

எல்லா வடிவத்துக்கும் இந்தத் தீர்ப்பு பொருந்தாது. நடுச் சதுரத்தைச் சுற்றிப் பட்டை பட்டையாக அடுக்கும் லாக் கேபின் போன்ற வடிவத்தில் ஓர் அங்குலப் பட்டையை இரண்டு அங்குலமாக்கினால் யாருக்கும் நஷ்டமில்லை, அதன் உயிர் ஒரு பக்கம் வெளிச்சம் ஒரு பக்கம் இருட்டு என்பதில் இருக்கிறது. எட்டு முனை நட்சத்திரத்தை, மூன்று தையல் கூடும் சந்துகளுக்குப் பயந்து சதுரமும் முக்கோணமுமாக மாற்றித் தைப்பார்கள். நட்சத்திரம் வரும், ஒவ்வொரு வைர முனையின் நடுவிலும் கூடுதலாக ஒரு தையல் கோடும் வரும். ஒரே நிறத் துணியில் அந்தக் கோடு தெரியாது. கோடு போட்ட துணியில் பளிச்சென்று தெரியும். போட்டிக்கு வைக்கத் தைக்கிறவர்கள் மூல வடிவத்தைத் தொடாமலிருப்பதே நல்லது. முனை மழுங்காமல் 1,367 துண்டு சேர்த்திருக்கிறார் என்பதே அங்கே பாதிப் பேச்சு. புதுத்துணியில், கெடு இல்லாமல், தனக்கென்று தைப்பவர்களையும் நான் தடுக்கமாட்டேன். அந்த மினுக்கல் வேறு எந்த வழியிலும் வராது.

என் போர்வைக்குப் பெரியதிலும் சின்னதிலும் உள் சதுரத்தை எடுத்துவிட்டேன். செவ்வகத்தில் கைவைக்கவில்லை, 97 செவ்வகமும் காகிதத்தின் மேல் தைத்தவை. சின்னச் சதுரத்தில் மட்டும் உள் சதுரத்தை வைத்துக்கொள்ளலாமா என்று ஒரு வாரம் ஊசலாடினேன். அந்த 224 முக்கோணத்தை நினைத்ததும் ஊசல் நின்றுவிட்டது.

அக்கா மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து இரண்டு மாதிரியையும் கட்டிலில் போட்டுப் பார்த்தாள். “சின்னம்மா, இது கடல் மாதிரி இருக்கிறது, அது ஆயா புடவை மாதிரி இருக்கிறது” என்றாள். எது வேண்டும் என்று நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. மாங்காயைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

28 துண்டு மாதிரியை எறியவில்லை. அதை அடித்துணியின் ஒரு மூலையில் வைத்துத் தைத்து, அதன் கீழே அவள் பெயரையும் கல்யாணத் தேதியையும் நூலால் எழுதியிருக்கிறேன். கால் அங்குலம் குறைந்த அந்தச் சின்னச் சதுரத்தைச் சுற்றிப் பட்டி வைத்து இழுத்துச் சரிக்கட்டியிருக்கிறேன், உற்றுப் பார்த்தால் தெரியும்.